புறப்பாடு என்பது யாது? சூலம், ராகுகாலம், வானூர்தி ஆகியவற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

கும்பகோணத்தில் ஒரு வீட்டுக் கூடத்திலிருந்து கிளம்பிய பெண் ஜெர்மனியின் வடக்கே ஓர் இல்லத்தின் வாசலில் போய் நின்றாள். இந்தப் பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது? விமானக் கம்பெனியைக் கேட்டால் 10 மணி நேரம் என்கிறது. காரோட்டி வந்த என்னைக் கேட்டால் 35 மணி 20 நிமிடம். என் அம்மாவைக் கேட்டால் 57 மணி 45 நிமிடம். மூவரும் பொய் சொல்லவில்லை. ஒரு பயணம் எந்த நொடியில் தொடங்குகிறது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான். அந்த வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவது நாணயம். மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று: என் தங்கை மகள். கருவி: உள்ளூர்ப் பாத்திரக்கடை ஒன்று வருஷா வருஷம் கொடுக்கும் தினசரிக் காலண்டர். தலைமை ஆய்வாளர்: என் அம்மா, வயது 81. உழைப்பு அவருடையது, கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்பவன் நான். இதில் பல்கலைக்கழக மரபு எதுவும் மீறப்படவில்லை.

பெண் போனது வேலைக்கு அல்ல, படிப்புக்கும் அல்ல. ஓராண்டுத் தன்னார்வச் சேவைக்கு. மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து வாழும் ஓர் இல்லத்தில் அவர்களோடு சமைக்க, குளிக்க உதவ, தோட்டம் கொத்த, கூட உட்கார்ந்து சாப்பிட. அறை உண்டு, சாப்பாடு உண்டு, காப்பீடு உண்டு, கைச்செலவுக்குக் கொஞ்சம் யூரோ உண்டு. சம்பளம் கிடையாது. இளைஞர்கள் ஓராண்டு சமூகச் சேவை செய்ய 1964-லேயே மேற்கு ஜெர்மனியில் சட்டம் வந்துவிட்டது. அது தவிர, துப்பாக்கி தூக்க மனச்சாட்சி இடங்கொடாத பையன்கள் ராணுவத்துக்கு ஈடாக முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பணி செய்யும் ஏற்பாடும் அங்கே வெகுகாலம் இருந்தது. கட்டாய ராணுவச் சேவையை 2011 ஜூலை 1 அன்று நிறுத்திவைத்தார்கள். ராணுவத்துக்கு ஆள் வேண்டாம் என்றால் மனச்சாட்சிக்கும் வேலை இல்லை. பையன்கள் வருவது நின்றுவிடும். கட்டில்களில் கிடக்கும் பாட்டிகளை யார் பார்ப்பது? அதனால் அதே நாளிலேயே, ஆண் பெண் எவரும் எந்த வயதிலும் சேரலாம் என்று புதிய தன்னார்வச் சேவையைத் தொடங்கினார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். இவள் நுங்கம்பாக்கத்தில் ஹாஸ்டலில் தங்கி மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்து, நேர்காணல் முடித்து, விசா வாங்கினாள்.

இதையெல்லாம் விளக்கி முடித்ததும் என் தம்பி கேட்டான்: "ஒரு வருஷம் சம்பளமே இல்லாமப் போறதுக்கு நல்ல நேரம் வேற பாக்கணுமா?"

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "சம்பளத்துக்குப் போறவனுக்கு மாசம் ஒண்ணாம் தேதி வந்தா எல்லாமே நல்ல நேரந்தாண்டா. சும்மா போறவளுக்குத்தான் பாத்து அனுப்பணும்."

இனி ஆய்வுக்குள் நுழையலாம்.

சூலம் என்பது கிழமையையும் திசையையும் முடிச்சுப் போடும் ஒரு கோட்பாடு. திங்கள், சனியில் கிழக்கே போகக் கூடாது. செவ்வாய், புதனில் வடக்கே. வியாழனில் தெற்கே. வெள்ளி, ஞாயிறில் மேற்கே. போயே தீரவேண்டுமென்றால் பரிகாரம் உண்டு: கிழக்குக்குத் தயிர், மேற்குக்கு வெல்லம், வடக்குக்குப் பால், தெற்குக்குத் தைலம். இவ்வளவும் காலண்டர் தாளின் அடிப்பகுதியில் இரண்டு சொல்லில் முடிந்துவிடும். விசா விதிகளை இவ்வளவு சுருக்கமாக எழுத இதுவரை எந்தத் தூதரகத்தாலும் முடியவில்லை.

இந்தக் கோட்பாடு மாட்டுவண்டிக்காக உண்டானது என்று ஒரு சாரார் சொல்வார்கள். கடல் கடந்தவர்களுக்கும் அது பொருந்துகிறதா என்று பார்க்க எங்கள் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பலேறி, ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். மார்ச் 17 என்ன கிழமை என்று கணக்கிட்டுப் பார்த்தேன்: செவ்வாய். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். சென்னையிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பல் முதலில் தெற்கே இறங்கி இலங்கையைச் சுற்றித்தான் மேற்கே திரும்ப வேண்டும். ஆகவே சூலம் மீறப்படவில்லை. தன் பெயரிலிருந்த 'மேதை' என்ற பட்டத்துக்கு அவர் இதிலும் நியாயம் செய்திருக்கிறார். கிழமையைத் தேர்ந்தெடுத்தது அவரல்ல, கப்பல் கம்பெனிதான் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். எங்கள் பெண்ணின் தேதியையும் விமானக் கம்பெனிதான் தீர்மானித்தது, ஆட்சேபம் செல்லாது.

எங்கள் சிக்கல் இதுதான். சேவை செப்டம்பர் முதல் வாரத்தில் தொடக்கம். ஆடி கழிந்து ஆவணி பாதி ஆகியிருந்ததால் மாதத்தில் குறையில்லை. டிக்கெட்டில் சனிக்கிழமை அதிகாலை 1.50 என்று போட்டிருந்தது. சென்னையிலிருந்து நேரே பிராங்க்பர்ட், அதாவது மேற்கு. சனிக்கிழமைக்கு மேற்கே சூலமில்லை. தங்கை நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

அம்மா விடவில்லை. "ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு எப்படிடி சனிக்கிழமை ஆகும்? விடிஞ்சாத்தானே சனி?"

இங்கேதான் இரண்டு நாகரிகங்கள் மோதுகின்றன. கடிகாரத்துக்கு நள்ளிரவில் நாள் பிறக்கிறது. பஞ்சாங்கத்துக்குச் சூரியன் உதித்தால்தான் நாள். நள்ளிரவுக்கும் சூரியோதயத்துக்கும் நடுவே உள்ள ஆறு மணி நேரம் விமானக் கம்பெனிக்குச் சனி, அம்மாவுக்கு வெள்ளி. சென்னையிலிருந்து தொலைதூர நாடுகளுக்குப் போகும் விமானங்களில் பெரும்பாலானவை இந்தத் தகராறுக்குட்பட்ட நிலப்பகுதியில்தான் கிளம்புகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அம்மா கட்சியை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோருக்கு ஒரு தகவல்: எங்கள் உறவில் படித்த, சூலம் பார்க்காத ஒருவர், சனி 1.50 என்பதைச் சனிக்கிழமை ராத்திரி என்று எடுத்துக்கொண்டு, ஒரு வேன் நிறைய ஆட்களும் சந்தன மாலையுமாக, விமானம் போய் இருபது மணி நேரம் கழித்து மீனம்பாக்கத்தில் இறங்கினார். அவர் காலண்டரில் அது சனிதான். பஞ்சாங்கப்படி யோசித்திருந்தால் வெள்ளி ராத்திரியே போயிருப்பார்.

ஆக, அம்மா கணக்கில் இவள் வெள்ளிக்கிழமை மேற்கே போகிறாள். சூலம் நெற்றிக்கு நேரே. போதாக்குறைக்கு விமான நிலையத்தின் ஓடுபாதையும் எதிர்க்கட்சி. சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் எதிர்காற்றில் எழும்ப வேண்டும் என்பது விதி. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஆவணியில் பெரும்பாலும் மேற்கு நோக்கித்தான் ஓடி எழும்பும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றுக்கு எதிராகக் கிழக்கே பார்த்து எழும்பி, கடல் மேல் போய் அப்புறம் சாவகாசமாகத் திரும்பிக்கொள்ளலாம். ஆகவே வெள்ளிக்கிழமை ஐரோப்பா போகிறவர்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது உசிதம் என்பது இவ்வாய்வின் முதல் பரிந்துரை. சேவை நிறுவனங்கள் இதைக் கவனத்தில் கொண்டு ஆண்டுத் தொடக்கத்தை நவம்பருக்கு மாற்றலாம்.

இப்படிப்பட்ட முட்டுக்கட்டைக்கென்றே முன்னோர் கண்டுபிடித்த ஒரு தீர்வு பரஸ்தானம். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நேரத்தில் பயணியின் சாமான் ஒன்றை வீட்டைவிட்டு வெளியேற்றி அடுத்த வீட்டில் வைத்துவிடுவது. சாமான் கிளம்பினால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்த நேரத்தில் போனாலும் அது ஏற்கெனவே தொடங்கிய பயணத்தின் தொடர்ச்சிதான்.

இதைக் கேட்டுச் சிரிக்கும் அறிவியல்வாதிகளிடம் ஒரு கேள்வி: விமானம் 'புறப்பட்ட நேரம்' எது? சக்கரம் தரையைவிட்டு எழும்பும் நேரம் என்று நினைப்பீர்கள். இல்லை. நிறுத்திய இடத்தைவிட்டு விமானம் முதன்முதலாக அசையும் நேரம்தான் கணக்கு. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து, இழுவை வண்டி பின்னால் தள்ளியதும் விமானம் 'புறப்பட்டு' விடுகிறது. பிறகு ஓடுபாதைக்கு வரிசையில் நின்று அரைமணி காத்திருந்தாலும் ஏட்டில் அது நேரத்துக்குக் கிளம்பிய விமானம். பதினைந்து நிமிடத்துக்குள் அசைந்துவிட்டால் தாமதமே இல்லை என்பது அவர்கள் சாஸ்திரம். பெட்டியை அடுத்த வீட்டுத் திண்ணைக்குத் தள்ளுவதற்கும் விமானத்தைப் பத்தடி பின்னால் தள்ளுவதற்கும் கோட்பாட்டளவில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. காப்புரிமை யாருக்கு என்பதைச் சட்ட வல்லுநர்கள் முடிவு செய்யட்டும்.

பரஸ்தானத்துக்கு வியாழக்கிழமை குறிக்கப்பட்டது. 6 முதல் 7.30 எமகண்டம், 9 முதல் 10.30 குளிகை, 1.30 முதல் 3 ராகுகாலம். குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். "போனது போதும்னு ஒரு தரம் திரும்பி வரணும், குளிகை வேணாம்" என்று அம்மா சொல்லிவிட்டார். கடைசியில் 10.45. முதலில் 23 கிலோ பெட்டியையே தூக்கச் சொன்னார். அடுத்த வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும், என் முதுகு அதற்குத் தயாரில்லை. பேச்சுவார்த்தைக்குப் பின் தோள்பை என்று முடிவானது. ஒரு புடவை, விரல் மஞ்சள், ஒரு பிடி அரிசி முடிந்த துணி, எல்லாம் உள்ளே வைத்து அடுத்த வீட்டுக் கூடத்து ஊஞ்சலில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து எங்கள் வீட்டிலேயே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டாள். சாஸ்திரப்படி அப்போது அவள் விருந்தாளி. ரெண்டாம் தரம் ரசம் கேட்டபோது அவள் அம்மாகூட அதட்டவில்லை.

வியாழன் இரவு எட்டு மணிக்கு ஒரு செய்தி வெளியானது. இல்லத்திலிருந்து வந்த ஒப்பந்தக் கடிதம் இருந்த நீலக் கோப்பும் அந்தத் தோள்பையில்தான் இருந்தது. அடுத்த வீட்டு வாசலில் பித்தளைப் பூட்டுத் தொங்கியது. அவர்கள் மாயவரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். "பை ஏற்கெனவே பயணத்தில இருக்கு, நீதான் இன்னும் கிளம்பல" என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டோ சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு அக்கா கையில் வளையல் பையும் முகத்தில் திகைப்புமாக இறங்கினார். கோப்பை எடுத்துக்கொண்டோம். பை அங்கேயே இருந்தது. எடுத்தால் பயணம் ரத்தாகிவிடுமல்லவா?

வெள்ளிக்கிழமை காலை 9.10. குளிகை ஒன்பதுக்கு முடிந்துவிட்டது, ராகுகாலம் பத்தரைக்கு. கும்பகோணத்திலிருந்து சென்னை வடக்கே. வெள்ளிக்கு வடக்கில் சூலமில்லை. மேற்கே போவதற்கு முதலில் வடக்கே போகவேண்டியிருப்பது எங்கள் ஊரின் புவியியல் கொடுத்த வரம். காரில் உட்கார்ந்த பிறகு அம்மா உள்ளே போனார். சுவரிலிருந்த காலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்தார். அதில் எலுமிச்சையளவு அச்சுவெல்லத் துண்டு ஒன்றை வைத்து மடித்தார். "ஏறறதுக்கு முன்னாடி வாயில போட்டுக்கோ" என்று பெண்ணின் கையில் கொடுத்தார். மடிப்பின் மேலேயே தெரிந்தது: சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். மருந்துச் சீட்டிலேயே மருந்தைக் கட்டிக் கொடுத்த முதல் வைத்தியர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இதில் தற்செயலாக ஒன்று நடந்துவிட்டதை நான் விழுப்புரம் தாண்டித்தான் உணர்ந்தேன். வெள்ளித் தாளைக் கிழித்ததால் எங்கள் கூடத்துச் சுவரில் அப்போதே சனிக்கிழமை பிறந்திருந்தது. உலகத்தில் விமானக் கம்பெனியோடு கிழமை விஷயத்தில் உடன்பட்ட ஒரே வீடு எங்களுடையது. அம்மா தெரிந்து செய்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. ஆய்வாளர் சில கேள்விகளைக் கேட்காமலிருப்பதும் முறையியலில் சேர்த்தி.

கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறே?" என்று கேட்கக் கூடாது என்பது நம்மூரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். விமான நிலையம் இந்தக் கேள்வியை ஒரு தொழிலாகவே நடத்துகிறது. வாசலில் டிக்கெட் பார்க்கும் காவலர் கேட்டார். பெட்டி போடும் கவுண்டரில் கேட்டார்கள். குடியேற்ற அதிகாரி, எங்கே என்பதோடு நில்லாமல் எதற்கு என்றும் கேட்டார். "தன்னார்வச் சேவை" என்று சொன்னதற்கு அவர் "சம்பளம்?" என்றாராம். "இல்லை." "அப்புறம்?" என்றாராம். என் தம்பிக்கு அரசுத் துறையிலும் ஆதரவு இருப்பது அப்போது தெரிந்தது. விமானம் ஏறும் கதவில் ஒரு தரம், பிராங்க்பர்ட்டில் எல்லைக் காவலர் ஒரு தரம். மொத்தம் ஐந்து. ஐந்து தரமும் அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருந்தால் விமானத்தைப் பிடித்திருக்க முடியாது, கழிப்பறையைத்தான் பிடித்திருக்க முடியும். மூன்று பேராகப் போகக் கூடாது என்ற இன்னொரு விதியும் இருக்கிறது. விமான இருக்கைகளை மூன்று மூன்றாக வைத்தவர்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

வெல்லம் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு வாயில் போனது. வாட்ஸப்பில் சாட்சியாகக் காலித் தாளின் படம் வந்தது.

அடுத்து ராகுகாலம். எங்களூருக்கு ஆறு கிலோமீட்டரில் திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானே குடியிருக்கிறார். உலகமே தவிர்க்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அங்கே பாலபிஷேகத்துக்குக் கூட்டம். அதனால் ராகுவை நாங்கள் அயலாராகப் பார்ப்பதில்லை. ஆனாலும் கணக்கு கணக்குதான். சூரியன் உதித்து மறையும் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுக்கிறோம். பகல் 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பங்குக்கு ஒன்றரை மணி. சனிக்குக் கிடைப்பது மூன்றாம் பங்கு, 9 முதல் 10.30. (முதல் பங்கு வாரத்தில் எந்த நாளும் ராகுவுக்கு இல்லை. காலை ஏழரைக்கு முன் அவர் எழுந்திருப்பதில்லை என்பது ஏழு நாள் தரவிலிருந்து தெளிவாகிறது.)

பகல் 12 மணி நேரம் என்பது கும்பகோணத்துக்குச் சரி. மேற்கே பறக்கிறவளுக்கு? இந்திய நேரம் காலை 9-க்கு எங்கள் கூடத்தில் ராகுகாலம் பிறந்தது. தங்கை போனை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் விமானம் துருக்கி பக்கம் போய்க்கொண்டிருந்தது; அவளுடைய சன்னலில் அப்போதுதான் விடிந்திருந்தது. அதாவது அவளுக்கு முதல் பங்கு நடக்கிறது, ராகு இன்னும் தூக்கம். நாங்கள் இங்கே அவளுக்காகக் கடைப்பிடித்த ராகுகாலம் முழுக்க வீண். எட்டே கால் வாக்கில், ஜெர்மன் நேரப்படி, இறங்கினாள். அங்கே கடிகாரம் ஒன்பது அடித்தபோது காலண்டர்க்காரர் கணக்கில் இரண்டாவது ராகுகாலம். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் பிராங்க்பர்ட்டில் பகல் பதின்மூன்றரை மணி நேரம். சூரியனைப் பார்த்து முறையாகப் பிரித்தால் மூன்றாம் பங்கு பத்து மணியளவில்தான் தொடங்கி 11.40 வரை போகிறது. அது மூன்றாவது. ஹாம்பர்க் ரயில் 10.20-க்கு. ஒரே சனிக்கிழமையில் மூன்று ராகுகாலம் கண்டு, முதலாவதை அறியாமல், இரண்டாவதைக் கழிப்பறை வரிசையில் கழித்து, மூன்றாவதில் ரயிலேறினாள்.

இல்லத்துக்கு அவள் போய்ச் சேரும் பகுதியில் நிலைமை இன்னும் தீவிரம். ஹாம்பர்க்கில் ஜூன் மாதம் பகல் 17 மணி நேரம். ராகுவுக்கு இரண்டு மணி எட்டு நிமிடம் கிடைக்கிறது. டிசம்பரில் பகல் ஏழரை மணிதான், ராகுவுக்கு 56 நிமிடம். குளிர்காலத்தில் ராகு ஒடுங்கிவிட்டாரே என்று மகிழ்வதற்குள், பகலே 'ஏழரை' ஆகிவிட்டதைக் கவனிக்க. இன்னும் வடக்கே நார்வேயின் டிராம்ஸோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் உதிப்பதே இல்லை. உதயமில்லாமல் நாள் பிறக்காது என்ற அம்மா விதிப்படி, அங்கே கடைசியாக உதித்த கிழமையே ஏழு வாரம் நீடிக்கும். அது வெள்ளியாக அமைந்துவிட்டால் பொங்கல் வரைக்கும் ஊரில் ஒருவரும் மேற்கே போக முடியாது. இதனால் அதிக நஷ்டம் மீனவர்களுக்குத்தான்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஹாம்பர்க் இருக்கும் அட்சரேகையில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. விமானம் 900-ல் மேற்கே பறக்கிறது. அந்த அட்சரேகையில் ராகுகாலத்தில் மேற்கே கிளம்பினால் சூரியன் வானத்தில் அனேகமாக அதே இடத்தில் நிற்கும். இறங்கும்வரை ராகுகாலமும் கூடவே வரும். 2003-ல் ஓய்வுபெற்ற கான்கார்டு சூரியனையே முந்தியது. லண்டனில் கிளம்பிய நேரத்துக்கு முந்தைய நேரத்திலேயே நியூயார்க்கில் இறங்கும். ராகுகாலத்தில் ஏறி, பின்பக்கமாக நல்ல நேரத்துக்குள் இறங்கிய வாகனம். அதை நிறுத்தியதற்குப் பொருளாதாரக் காரணங்கள் சொன்னார்கள். யாரும் அதை இந்தக் கோணத்தில் விளம்பரப்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே போகிறது, சனிக்கு வடக்கில் சூலமில்லை. ஜெர்மனியில் ஆறு நிமிடத்துக்குள் வந்தால் ரயில் 'சரியான நேரம்'; வராமலே ரத்தான ரயில் தாமதக் கணக்கில் சேராது. கிளம்பாத பயணத்துக்குச் சூலம் இல்லை என்ற நம் விதியோடு இது அப்படியே ஒத்துப்போகிறது. ஒப்பீட்டு ஆய்வாளர்கள் மேற்கொண்டு பார்க்கலாம்.

மாலை ஐந்து மணிக்கு, நமக்கு இரவு எட்டரை, வீடியோ அழைப்பு வந்தது. செங்கல் சுவர், ஈரமான புல், வாசலில் வரிசையாக ரப்பர் பூட்ஸ்கள். வாசல்படியில் நின்றுகொண்டு உள்ளே போகாமல் போனைப் பிடித்திருந்தாள். பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், அவள் பெட்டியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வா வா என்று தலையசைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி வாசல்லயே நிக்கறே?"

"வலது காலா எடது காலான்னு கேக்கத்தான் பாட்டி. இவர் அவசரப்படறாரு, காபி ஆறிடுமாம்."

"வலது. மொதல்ல போ. அவர் கையிலேர்ந்து பெட்டிய வாங்கு."

போனாள். படத்தில் கொஞ்ச நேரம் கூரை மட்டும் தெரிந்தது. அம்மா எழுந்துபோய்க் காலண்டரைப் பார்த்தார். இரண்டு நாளாகக் கிழிக்காமல் இருந்த சனிக்கிழமை, இப்போது எல்லோருக்கும் சனிக்கிழமையாகவே இருந்தது. அதைத் தொடாமல் திரும்பி வந்தார்.

ஆய்வு இத்துடன் முடிந்திருக்கும். மூன்றாம் நாள் தங்கை வாய்தவறி, திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்த்தே போட்டாயிற்று, அடுத்த வருஷம் ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டாள். ஜெர்மனியிலிருந்து கும்பகோணம் கிழக்கு. திங்களுக்குச் சூலம் கிழக்கு. சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பம் வெளியிடுவது ஆடிப்பெருக்கன்று. இந்த ஆடிப்பெருக்கு போய்விட்டது, அடுத்த வருஷக் காலண்டர் கடைக்காரர் கைக்கு வர மார்கழி ஆகும். அதுவரை பொறுக்க அம்மாவால் முடியவில்லை. பரிகாரம் தயிர். ஜெர்மனியில் தயிருக்கு எங்கே போவாள் என்ற கவலையில் ராத்திரி என்னையே போன் போடச் சொன்னார்.

அந்தப் பக்கம் அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டுவிட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறந்து போனைக் காட்டினாள். வெள்ளை பிளாஸ்டிக் வாளிகள், கைப்பிடி வைத்து, வரிசையாக ஆறு.

"ஒரு வாளி ஒரு கிலோ, பாட்டி. இங்க காலையில எல்லாரும் இதத்தான் சாப்பிடறாங்க. நான் தினமும் கெளம்பிக்கிட்டே இருக்கேன்."